புதன்கிழமை நான் தடுத்த மின்னஞ்சல்

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஷர்மிளா நம் மார்சிலிங் வீட்டுக்கு வந்திருந்தாள். கதவைத் திறந்தபோது அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. "அங்கிள், நான் ஷர்மிளா. தினேஷுக்கு நான் வந்தது தெரியாது. நானாத்தான் வந்தேன்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். உட்காரச் சொன்னேன். பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நின்றபடியே படித்தேன். அமரர் லோகநாயகி அவர்களின் அன்பு வளர்ப்பு மகன் என்று உன் பெயருக்கு மேலே போட்டிருந்தது. என் பெயரை முதல் தடவை தேடினேன். இரண்டாம் தடவை தேடவில்லை, வெறுமனே படித்தேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரி அங்கிள். அப்பா பேர் இல்லாம எப்படி கார்டு அடிக்கிறதுன்னு எங்க வீட்ல கேட்டாங்க. அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார், இப்படித்தான் கரெக்ட்டுன்னு." நான் சொன்னேன், "கரெக்ட்தாம்மா." அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள், "என்னதான் அங்கிள் நடந்துச்சு? மூணு வருஷமா கேக்கறேன். அத்தை கடை இடிஞ்சு இறந்துட்டாங்க, அதுல தன் மேலதான் தப்புன்னு சொல்றார். அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கிறார். அவர் மேல தப்புன்னா உங்க மேல ஏன் கோவம்?"

நீ அவளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் போன பிறகு பாதி டீ இருந்த அந்தக் கோப்பையைக் கழுவ மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அனுப்பும் செய்திகள் உன் கைப்பேசிக்குப் போய்ச் சேருவதில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் பொய் சொன்னது நாலு பேர் முன்னால். உண்மையை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது நியாயமாகாது.

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். உன் அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. என் அக்கா லோகா அப்போது சுவா சூ காங்கில் ஓர் ஓரறை வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். காரியம் முடிந்த மறுவாரம் இரண்டு பெட்டியோடு வந்து, "நான் இங்கேயே இருக்கேன் தம்பி, ஆயிரம் கேள்வி கேக்காதே," என்றாள். நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அவளுக்கு ரவிக்கை தைக்கும் கடை. பள்ளி விட்டதும் நீ நேராக அங்கே போவாய். துணி வெட்டும் மேசையின் ஒரு முனையில் உன் வீட்டுப்பாடம், மறுமுனையில் அவள் கத்தரிக்கோல். நீ படித்தது, சாப்பிட்டது, காய்ச்சலில் படுத்தது எல்லாம் அங்கேதான். நான் அந்த வருஷங்களில் எங்கே இருந்தேன் என்று யாராவது கேட்டால், மண்ணுக்கு அடியில் என்றுதான் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தீவு முழுக்க ரயிலுக்கும் சாலைக்கும் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டும் இடத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் இறங்குகிறதா, சாய்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது என் வேலை. சாதாரண டெக்னீஷியனாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஆனேன். நான் வைத்த கருவி தப்பாகக் காட்டியது என்று முப்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் என்னைத் தின்றது.

வீட்டிலும் நான் அப்படித்தான். உனக்கு நினைவிருக்கும், ஒருமுறை மூன்று பேரும் காரில் ஜோகூர் போனோம். நீ பின்னால் உட்கார்ந்து, "அப்பா, அந்த எக்ஸிட்ல திரும்பியிருக்கணும்," என்றாய். எனக்குத் தெரியும் என்றேன். தப்பான ரோட்டில் போகிறோம் என்பது எனக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. ஏதோ ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ரோடு முடிந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுடா தினேஷ், உங்கப்பா எப்பவும் கரெக்ட்டா இருப்பான், ரோடுதான் தப்பாப் போயிருக்கும்." நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் முன்னால் ஒரு சின்ன விஷயத்தில் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பும் மனிதனாக நான் இருந்திருந்தால் என்று இந்த மூன்று வருஷமாக நினைக்கிறேன்.

நீ பல்கலைக்கழகம் முடித்து, நான் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் சேர்ந்தபோது ஊரெல்லாம் சொன்னேன். நான் கூரையில் ஏறிக் கருவி வைப்பவன், நீ செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தைப் பார்ப்பவன். இரண்டும் ஒரே வேலை, வேறு வேறு உயரத்திலிருந்து. அக்காவுக்கு நீ அதை விளக்கியது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அத்தை, சேட்டலைட் பதினோரு நாளைக்கு ஒரு தடவை நம்ம தலைக்கு மேல போகும். போகும்போது ஒரு அலையைக் கீழே அனுப்பும். அது கட்டடத்துல பட்டு திரும்பி வரும். போன தடவை வந்த அலையையும் இந்தத் தடவை வந்த அலையையும் வெச்சுப் பாத்தா, அந்தக் கட்டடம் ரெண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் தெரிஞ்சிடும்." அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவ்வளவு தூரத்துலேர்ந்தா? அப்ப என் கஸ்டமருக்கெல்லாம் அதுவே அளவு எடுத்துடலாமே லா, நான் ஏன் டேப்பைத் தூக்கிட்டு அலையணும்?" என்றாள். வாய்விட்டுச் சிரித்தோம். அன்று நானும் சிரித்தேன்.

அந்தத் தெருப் பக்கம் நிலத்தடியில் ஒரு சுரங்க வேலை வந்தது. சுற்றியுள்ள கட்டடங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நம் நிறுவனத்துக்கு, களப்பொறுப்பு எனக்கு. அக்கா கடை இருந்த கட்டடத்தின் கூரையில் ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்றை நானே வைத்தேன். அது தன்னளவில் எதையும் சொல்லாது. நகராது என்று நாம் நம்பும் இன்னோர் இடத்தில் ஒரு ஆன்டெனா இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறினால்தான் கட்டடம் நகர்கிறது என்று பொருள். அதனால் அந்த நகராத இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. அங்கே இரண்டு இடம் இருந்தது. ஒன்று, கொஞ்சம் தள்ளி உள்ள உயரமான வீவக புளோக், அரசு கட்டிய அடுக்குமாடி. ஆழமாகக் கடினமான மண்வரை தூண் இறக்கிக் கட்டியது, அசையாது. ஆனால் கூரையில் கருவி வைக்க நகர மன்றத்தின் அனுமதிக்குப் பல வாரம் காத்திருக்க வேண்டும். மற்றது, இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். அதன் சொந்தக்காரர் எனக்குப் பழக்கம். கேட்ட அன்றே சாவியைக் கொடுத்தார். அந்தப் பகுதியில் அடியில் கடல் களிமண் என்றும், சுரங்கத்துக்காகத் தண்ணீர் இறைத்தால் அந்த மண் தூரம்வரை சுருங்கும் என்றும் எனக்குத் தெரியாததா? தெரியும். வேலை ஆரம்பிக்கும் நாள் நெருங்கியது, என் முழங்கால் வலித்தது, சாவி கையில் இருந்தது. மூன்று மாடிக் கட்டடத்தில் வைத்தேன். நகராத இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளி நெருங்கியது. கடைகளின் முன்னால் தூண் வரிசையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை முழுக்க அலங்காரத் தோரணமும் பட்டாடையும் அடுக்கிவிட்டார்கள். தூண்களில் நாங்கள் அடித்திருந்த ஆணிகளை வைத்து மாதாமாதம் கையால் மட்டம் எடுப்போம். அந்த ஆணிகளெல்லாம் சரக்குக்குப் பின்னால் போய்விட்டன. ஆன்டெனாதான் இருக்கிறதே, அடுத்த மாதம் எடுக்கலாம் என்று விட்டேன். அப்போதுதான் ஒரு நாள் அக்கா சாப்பிடும்போது சொன்னாள், "தம்பி, கடையில பின்னாடி ரூம் கதவு ஒட்டுதுடா. மூடினா திறக்க வரல." இதை நான் வேறு யார் வீட்டில் கேட்டிருந்தாலும் அன்றே ஆள் அனுப்பியிருப்பேன். கதவுச் சட்டம் கோணினால் சுவர் நகர்கிறது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. ஆனால் என் ஆன்டெனா பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய், கதவின் மேல்முனையைச் சீவிக் கொடுத்துவிட்டு வந்தேன். கதவு நன்றாக மூடியது. அக்கா எனக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், நீ என்னைப் பக்கத்திலுள்ள தேக்கா சந்தைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாய். தோசைத் தட்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாய். அந்தத் தெருவின் கூரைகள்மேல் எல்லாம் வண்ணப் புள்ளிகள். பச்சை அசையாதது, சிவப்பு இறங்குவது என்றாய். அக்கா கடைமேல் சிவப்பு. என் மூன்று மாடிக் கட்டடத்தின்மேலும் சிவப்பு.

"அப்பா, உங்க பேஸும் இறங்குது பா."

"எது?"

"ரெஃபரன்ஸ் ஆன்டெனா வெச்சிருக்கீங்களே, அந்த பில்டிங். அதுவும் இறங்குது, அத்தை கடையும் இறங்குது. ரெண்டும் சேந்து இறங்கினா உங்க சென்சர் ஜீரோதானே பா காட்டும்?"

"மழைக்காலம்டா. மேகம் இருந்தா அலை தப்பாக் காட்டும்னு நீதானே சொன்னே?"

"மேகம்னா ஒரு தடவை மேல போகும், ஒரு தடவை கீழ போகும். இது ஆறு தடவையா ஒரே பக்கம் போகுது. நான் மூணு தரம் செக் பண்ணிட்டேன்." நீ குரலைத் தாழ்த்தினாய். "மிஸ்டர் லிம்முக்கு ஈமெயில் எழுதி வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்லாம அனுப்ப வேணாம்னுதான் வந்தேன். இப்ப அனுப்பவா?"

"அனுப்பாதே."

"அப்பா..."

"நான் அந்தக் கூரையில நின்னுட்டு வந்தவன். நீ ஆகாசத்துலேர்ந்து பாக்கறே. திங்கக்கிழமை நானே போய் மட்டம் எடுக்கறேன். பாத்துட்டு சொல்றேன், அப்புறம் அனுப்பு."

"இன்னைக்குப் புதன். அதுவரைக்கும் அத்தையைக் கடைக்குப் போகவேணாம்னு சொல்லட்டுமா?"

"தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல இருக்கு அவளுக்கு. சும்மா பயமுறுத்தாதே. அஞ்சு நாள்ல ஒண்ணும் ஆயிடாது லா."

நீ மடிக்கணினியை மூடினாய். மிஸ்டர் லிம் நம் இருவருக்குமே மேலாளர். என்னைத் தாண்டி அவருக்கு அனுப்ப உனக்கு ஒரு விரல் போதும். நீ அனுப்பவில்லை, ஏனென்றால் நான் உன் அப்பா.

சனிக்கிழமை பிற்பகல் அந்தக் கடைவீட்டின் பின்சுவர் மாடியோடு சரிந்தது. கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஓடி வெளியே வந்துவிட்டார். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் சற்று முன்னால்தான் படி இறங்கியிருந்தாள். அக்கா மட்டும் பின்னறையில் இருந்தாள். நீ ரயிலில் வந்து இறங்குவதற்குள் அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். தெருமுனையில் கயிறு கட்டியிருந்தார்கள். நீ அதைத் தாண்டிப் போகப் பார்த்தாய், ஓர் அதிகாரி உன்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். "அத்தை! அத்தை!" என்று நீ கத்தினது எனக்குக் கேட்டது. பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். உன் பக்கத்தில் வரவில்லை. நான் வந்து தொட்டால் நீ என்ன சொல்வாய் என்று பயமாக இருந்தது.

விசாரணையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஷர்மிளாவுக்குத் தெரியாது. நீண்ட மேசை, ஆறேழு பேர். உன் வரைபடத்தின் தேதி கணினியில் இருந்தது, சுவர் விழுவதற்கு முன்தேதி. என்னிடம் கேட்டார்கள், ரெஃபரன்ஸ் நகரலாம் என்று முன்னரே யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று. என் வாய் தானாகப் பேசியது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான் யோசித்துத்தான் சொன்னேன். "முறைப்படி யாரும் சொல்லவில்லை. என் மகன் வீட்டில் எத்தனையோ பேசுவான், எதையும் எழுத்தில் தரவில்லை." உன் பக்கம் திரும்பினார்கள். "இந்த வரைபடம் உங்கள் கையில் இருந்தும் ஏன் எழுத்து மூலம் எச்சரிக்கவில்லை?" நீ என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "அனுப்பியிருக்கணும். அனுப்பல. என் தப்பு," என்றாய். அவ்வளவுதான். எழுதி முடித்துக்கொண்டார்கள். நிறுவனத்தில் உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். கருவியை நல்லெண்ணத்தில் நம்பியவன் என்று என்னை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து ரயில் மேடையில் நின்றோம். நான் உன் தோளில் கை வைத்தேன். நீ தட்டிவிடவில்லை, நகர்ந்து நின்றாய். "உங்களுக்காகப் பேசாம இருந்தேன்னு நினைச்சுக்காதீங்க பா. அத்தைக்காக இருந்தேன். அவங்க இருந்திருந்தா உங்களை விட்டுக்கொடுத்திருக்க மாட்டாங்க." ரயில் வந்தது. நான் ஏறினேன், நீ ஏறவில்லை. அடுத்த மாதம் நெதர்லாந்துக்குப் போய்விட்டாய் என்று உன் நண்பன் சொல்லித்தான் தெரியும். இங்கே உன்னை வேலைக்கு எடுக்க ஒருவரும் தயாராக இல்லை. அங்கே கடலைத் தடுக்கும் கரைகள் இறங்குகிறதா என்று பார்க்கிறாயாம். நல்ல வேலை. அந்த ஊர்க்காரர்கள் உன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று நம்புகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உனக்குத் தெரிந்தது. இனிச் சொல்லப்போவது உனக்கும் தெரியாது. நான் உன்னை நம்பாமல்தான் ஈமெயிலைத் தடுத்தேன் என்று நீ இத்தனை நாளும் நினைத்திருப்பாய். கிழவன், புதுத் தொழில்நுட்பம் புரியாதவன், பிடிவாதக்காரன் என்று. அதுவாக இருந்தால் எவ்வளவோ மேல். தினேஷ், நீ தேக்காவில் அந்தப் புள்ளிகளைக் காட்டிய உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் கதவு, நான் சீவிய மரம், பூஜ்யமாகவே நின்ற எண்கள், எல்லாம் ஒரே நொடியில் பொருந்திவிட்டது. நீ சொல்வது சரி என்று உன்னை நம்பியதால்தான் தடுத்தேன். உன் ஈமெயில் போனால் நான் கையெழுத்துப் போட்ட இடம் தப்பு என்று என் சொந்த மகன் கண்டுபிடித்ததாக ஆகும். திங்கட்கிழமைக்குள் ஆன்டெனாவை வீவக புளோக்குக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, சந்தேகம் வந்து நானே சரிபார்த்தேன் என்று என் பெயரில் அறிக்கை கொடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். ஐந்து நாள் கேட்டது அதற்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தேன் என்று நீ கேட்டாய். தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். பொய். அந்த வீவக புளோக்கின் கூரையில் நின்றிருந்தேன். சும்மா பார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கி ஏறி, கருவியை எங்கே நிறுத்தலாம் என்று அளந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். முதலில் சத்தம் கேட்கவில்லை. ஓட்டுக் கூரைகளுக்கு நடுவில் மஞ்சளாகப் புழுதி எழுந்தது. எந்தக் கூரை என்று எண்ணிப் பார்த்தேன். முனையிலிருந்து ஏழாவது. மறுபடி எண்ணினேன். என் அக்கா புழுதிக்கு அடியில் இருக்கும்போது, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செய்தியை என் பெயரில் மாற்றிக்கொள்ளும் வேலையில் நான் இருந்தேன். கையிலிருந்த அளவுநாடாவை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

இதைச் சொன்னால் நீ மன்னிப்பாய் என்று எழுதவில்லை. மன்னிக்க வேண்டாம். மன்னித்துவிட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவனுக்கு ஒரு தகப்பன் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குச் சொல்லத் தகுதியுள்ளது இரண்டே விஷயம், இரண்டும் நான் கெடுத்தவை. உனக்குப் பிள்ளை பிறந்து, ஒரு நாள் வந்து நீங்கள் செய்தது தப்பு என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து போய்ப் பார். சொன்னவன் உன் மகனாயிற்றே என்று ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து யோசிக்காதே. இன்னொன்று, பிறர் பாரத்தை வாய் திறக்காமல் தூக்கிக்கொள்வதை நீ அக்காவிடம் கற்றுக்கொண்டாய். என் வீட்டில் அவள் இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தாள். அவளுக்கு என்ன ஆசை இருந்தது, எதில் வருத்தம் என்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது தியாகம்போல இருக்கும். கூட வாழ்கிறவருக்கு அது மூடிய கதவு. ஷர்மிளா பாதி டீயோடு என் வீட்டில் உட்கார்ந்து கேட்டது அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான். அந்தப் பெண்ணிடம் பேசு. உன் கோபத்தையும் சொல். என் மேலுள்ளதை முழுதாகச் சொல். எனக்காக எதையும் மிச்சம் வைக்காதே.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். பத்திரிகையில் உள்ளபடியே இருக்கட்டும். உன்னைப் பெற்றது மட்டும்தான் நான், வளர்த்தது அவள். மேடையில் உன் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அது அவளுடையது, என்னுடையது அல்ல. யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

நேற்று வியாழக்கிழமை, விசாரணை நடத்திய அலுவலகத்துக்குப் போனேன். புதன்கிழமை தேக்கா, தடுத்த ஈமெயில், வீவக கூரை, மேசையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் வாக்குமூலமாகக் கொடுத்தேன். வழக்கைத் திரும்ப எடுப்பார்களாம், என் மேல் குற்றச்சாட்டு வரலாமாம். உன் பெயரை நீக்கி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது என்றார்கள். என் வாக்குமூலத்தைத் தட்டெழுதியவர் ஒரு சீனப் பெண் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும். எல்லாம் முடிந்து நான் கையெழுத்துப் போடும்போது, "அங்கிள், மூன்று வருஷம் ஆகிவிட்டதே, ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் மகனுக்குக் கல்யாணம்," என்றேன்.

"ஓ, கங்கிராஜுலேஷன்ஸ் அங்கிள்!" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தன் எதிரில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது, என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

பரவாயில்லை என்று தலையசைத்தேன். உன் கல்யாணத்துக்கு என்னை வாழ்த்தியவர் இதுவரை அந்தப் பெண் ஒருத்திதான். எழுந்து நின்று, அவர் கையைப் பிடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா